டிக்கியில் ஐந்தாவது சக்கரம் இருக்கிறதா?

புதுக் கார் வாங்கப் போகிறவர்கள் மைலேஜ் கேட்கிறார்கள், எத்தனை ஏர்பேக் என்று கேட்கிறார்கள். பிள்ளைகள் சன்ரூஃப் கேட்கிறார்கள். டிக்கியைத் திறந்து எத்தனை பெட்டி வைக்கலாம் என்று கண்ணாலேயே அளந்து பார்க்கிறார்கள். அந்த டிக்கியின் தரைப் பலகையைத் தூக்கிப் பார்ப்பவர்கள் குறைவு. ஒருமுறை தூக்கிப் பாருங்கள். சில வண்டிகளில் அங்கே சக்கரம் இருக்காது. தெர்மகோல் தட்டு ஒன்றில் குழி வெட்டி, அதில் காற்றடிக்கும் சின்ன மோட்டார் இருக்கும். பக்கத்தில் ஒரு பாட்டிலில் வெள்ளைத் திரவம். பஞ்சர் ஆனால் இதை வைத்துச் சமாளித்துக்கொள்ள வேண்டியதுதான்.

விதி இதை அனுமதிக்கிறது. 2020 ஜூலையில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மோட்டார் வாகன விதிகளைத் திருத்தியது. ஓட்டுநரையும் சேர்த்து ஒன்பது பேருக்கு மேல் ஏற்றாத, எடை மூன்றரை டன்னுக்கு மேல் போகாத வண்டியில் டியூப்லெஸ் டயர், டயரின் காற்றழுத்தத்தைக் காட்டும் கருவி, பஞ்சர் கிட் மூன்றும் இருந்தால் ஸ்டெப்னி கட்டாயமில்லை. அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் இது நடைமுறைக்கு வந்தது. இடம் மிச்சமாகும், மின்சார வண்டிகளில் பெரிய பேட்டரி வைக்கலாம் என்பது சொல்லப்பட்ட காரணம்.

கம்பெனிகளுக்கும் இதில் லாபம் உண்டு. ஒரு சக்கரம் ரிம்மோடு பதினைந்து கிலோ அளவுக்கு இருக்கும். அதை எடுத்தால் எடை குறைகிறது, மைலேஜ் கணக்கு கொஞ்சம் ஏறுகிறது, ஒரு டயர், ஒரு ரிம், ஜாக்கி எல்லாவற்றின் செலவும் போகிறது. டிக்கி கொள்ளளவு இத்தனை லிட்டர் என்று பெரிதாகப் போட்டுக்கொள்ளவும் முடிகிறது. இதெல்லாம் எனக்குப் புரிகிறது. ஆனால் நம் ஊர்ச் சாலைகளில் குடும்பத்தோடு ஓட்டுகிற வண்டியில் ஐந்தாவது சக்கரம் இருந்தே ஆக வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நானும் மனைவியும் சென்னையிலிருந்து திருச்சிக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். உளுந்தூர்பேட்டை தாண்டி, தொழுதூரும் தாண்டி, திருமாந்துறை டோல்கேட் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் சாலையோரம் ஒரு கார் நின்றுகொண்டிருந்தது. இரண்டு பக்க இண்டிகேட்டரும் மின்னிக்கொண்டிருந்தன. வண்டி புத்தம் புதுசு. முன்னால் கட்டிய பூஜை எலுமிச்சம்பழம்கூட இன்னும் வாடவில்லை. ஒரு வயதான அம்மா கைக்குழந்தையோடு தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் புடவைத் தலைப்பால் தலையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வண்டியை ஓரம் கட்டினேன்.

சர்வீஸ் ரோட்டிலிருந்து மேலே ஏறும்போது பெயர்ந்து நின்ற கான்கிரீட் விளிம்பில் இடது முன் சக்கரம் உரசியிருக்கிறது. டயரின் பக்கவாட்டில் ஒரு விரல் நீளத்துக்கு வெட்டு. உதடு பிரிந்த மாதிரி விரிந்து, உள்ளே நூல் தெரிந்தது. அந்தத் தம்பி கையேட்டைப் பார்த்துப் பார்த்து பாட்டிலை மாட்டி, மோட்டாரை ஓடவிட்டிருக்கிறார். வெள்ளை நுரை முழுவதும் வெட்டு வழியாக வெளியே வந்து ரிம்மெல்லாம் வழிந்து தார் ரோட்டில் தேங்கிக் கிடந்தது. அவர் சட்டைக் கையிலும் நுரை. மோட்டார் இன்னும் ஓடிக்கொண்டே இருந்தது. அழுத்தம் காட்டும் முள் பூஜ்ஜியத்தை விட்டு அசையவில்லை.

"சார், உங்க ஸ்டெப்னியைக் கொஞ்சம் கொடுத்தா திருச்சி வரைக்கும் போயிடுவேன்" என்றார். கொடுப்பதில் எனக்குத் தயக்கம் ஒன்றுமில்லை. ஆனால் என் வண்டிச் சக்கரத்துக்கு நாலு நட், அவர் வண்டிக்கு ஐந்து. பொருந்த வழியே இல்லை. 1033-க்குப் போன் செய்தோம். தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் உதவி எண் அது, ராத்திரி பகல் எந்நேரமும் எடுப்பார்கள். ரோந்து வண்டி வந்து பின்னால் கூம்புகளை வரிசையாக வைத்தார்கள். அது பெரிய நிம்மதி, ஏனென்றால் இருட்டிக்கொண்டு வந்தது, லாரிகள் காற்றைக் கிழித்துக்கொண்டு போயின. வண்டிக் கம்பெனியின் அவசர உதவி எண்ணில், ஏற்றிக்கொண்டு போகும் லாரி வர இரண்டு மணி நேரம் ஆகும் என்றார்கள். விடிந்தால் அவர்களுக்குத் திருச்சியில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். அந்த அளவு டயர் பெரம்பலூரில் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எங்கே கிடைக்கும்?

அம்மாவையும் மருமகளையும் குழந்தையையும் எங்கள் வண்டியில் ஏற்றிக்கொண்டோம். அந்தத் தம்பி மட்டும் லாரிக்காகக் காத்திருந்தார். பெரம்பலூர் தாண்டும்வரை அம்மா பேசவே இல்லை. அப்புறம் என் மனைவியிடம் கேட்டார்: "ஏம்மா, எங்க வீட்டுக்காரர் அம்பாசிடர் வச்சிருந்தாரு. அதுல டிக்கியில ஒரு சக்கரம் எப்பவும் கெடக்கும். இத்தனை லட்சம் வாங்கிக்கிட்டு அதை ஏன் குடுக்கல?"

அந்தக் கேள்விதான் இந்தப் பதிவு.

பஞ்சர் என்று பொதுவாகச் சொல்கிறோம். அதில் இரண்டு வகை இருக்கிறது. ஆணியோ திருகாணியோ டயரின் நடுவில், தரையில் படுகிற பகுதியில் ஏறுவது ஒன்று. டியூப் இருந்த காலத்தில் ஆணி ஏறினால் அந்த இடத்திலேயே வண்டி உட்கார்ந்துவிடும். டியூப்லெஸ் டயரில் அப்படி இல்லை. உள்பக்கம் காற்றைப் பிடித்துவைக்கிற ரப்பர்ப் படலம் ஆணியைச் சுற்றி இறுகிக்கொள்வதால் காற்று மெதுவாகத்தான் இறங்கும். பல நேரம் ஆணியோடு நாள் கணக்கில் ஓட்டிவிட்டு, காற்று அடிக்கப் போகும்போதுதான் தெரியவரும். இரண்டாவது வகை, பக்கச் சுவர் கிழிவது. பள்ளத்தில் வேகமாக இறங்கும்போது ரிம்முக்கும் பள்ளத்தின் விளிம்புக்கும் நடுவே டயர் நசுங்கிக் கிழியும். கருங்கல், உடைந்த கான்கிரீட், சாலையில் விழுந்து கிடக்கிற லாரிப் பட்டை, எதனால் வேண்டுமானாலும் ஆகும். அந்தப் பக்கத்தில் எஃகு வலை கிடையாது. ரப்பரும் நூலும்தான். ஒவ்வொரு சுற்றிலும் வளைந்து நிமிர்கிற இடம் என்பதால் ஒட்டுப் போட்டாலும் நிற்காது.

டிக்கியில் வைக்கிற திரவம் முதல் வகைக்கு மட்டுமே. துளை ஐந்தாறு மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும், அதுவும் தரையில் படுகிற பகுதியில் இருக்க வேண்டும். ஆனால் அந்த வகை பஞ்சரை டியூப்லெஸ் டயர் ஏற்கெனவே பாதி தீர்த்துவிட்டது. காற்றை அடித்துக்கொண்டு, மெதுவாக ஓட்டிப் பக்கத்துக் கடைக்குப் போய்விடலாம். ஸ்டெப்னி உண்மையில் தேவைப்படுவது இரண்டாவது வகைக்கு. அதற்கு அந்தப் பாட்டில் எந்த உதவியும் செய்யாது. அதோடு ஸ்டெப்னி இல்லாமல் வருகிற வண்டிகளில் பலவற்றுக்கு 17, 18 அங்குல அலாய் ரிம்மும் உயரம் குறைந்த டயரும் இருக்கின்றன. ரிம் பெரிதாக ஆக, டயரின் பக்கச் சுவர் குட்டையாகிறது. பள்ளத்தில் இறங்கினால் தாங்குவதற்கு ரப்பர் குறைவு. கிழிய வாய்ப்பு அதிகமான டயரைக் கொடுத்துவிட்டு, கிழிந்தால் மாட்டுவதற்கான சக்கரத்தை எடுத்துவிடுகிறார்கள். என்னால் ஏற்க முடியாத இடம் இதுதான்.

எங்கள் தெரு முனையில் பாலக்காட்டுச் சேட்டன் ஒருவர் பஞ்சர் கடை வைத்திருக்கிறார். தமிழ்நாட்டின் நெடுஞ்சாலைகளில் பஞ்சர் கடை வைத்திருப்பவர்களில் மலையாளிகள் நிறையப் பேர், பார்த்திருப்பீர்கள். பழைய லாரி டயரில் வெள்ளைப் பெயின்டால் பஞ்சர் என்று எழுதி மரத்தில் தொங்கவிட்டிருப்பார்கள். இந்தச் சேட்டன் வேலை செய்வதை நின்று பார்ப்பது எனக்குப் பிடிக்கும். முதலில் காற்றை 40 புள்ளி, அதாவது 40 பி.எஸ்.ஐ. அழுத்தம் வரை ஏற்றிவிடுவார். ஒரு டப்பாவில் சோப்புத் தண்ணீர், அதில் பழைய பெயின்ட் பிரஷ். டயரைச் சுற்றிச் சுற்றித் தடவிக்கொண்டே வருவார். எங்கே சின்னச் சின்னதாக நுரை கட்டிக்கொண்டு வளர்கிறதோ அங்கே சாக்பீஸால் ஒரு வட்டம். கட்டிங் பிளேயரால் ஆணியைப் பிடித்து இழுப்பதற்கு முன் அது எந்தச் சாய்வில் ஏறியிருக்கிறது என்று குனிந்து பார்ப்பார். அரம் மாதிரி முறுக்கிய கம்பியை அதே சாய்வில்தான் திருகி விடுவார். நேராகக் குத்தினால் உள்ளே இருக்கிற எஃகுக் கம்பிகளில் புதிதாக ஒரு துளை விழும். பிறகு காது வைத்த ஊசியில் பிசின் போன்ற பழுப்பு ஸ்ட்ரிப்பைக் கோத்து, சொல்யூஷனில் முக்கி, உடம்பின் பாரம் முழுவதையும் கொடுத்து உள்ளே இறக்குவார். ஒரே சொடுக்கில் ஊசியை வெளியே இழுப்பார். ஸ்ட்ரிப் மடிந்து உள்ளேயே நின்றுவிடும். வெளியே நிற்கிற வாலை பிளேடால் நறுக்கி, மறுபடி சோப்புத் தண்ணீர். நுரை வராவிட்டால் தலையை ஆட்டுவார்.

அவசரத்துக்கு ஸ்ட்ரிப் நல்லது, நிறைய நாள் தாங்கவும் செய்யும். ஆனால் முறையான வேலை டயரைக் கழற்றி உள்ளிருந்து ஒட்டுவதுதான். காளான் மாதிரி தலையும் தண்டும் இருக்கிற ஒட்டு அது. தண்டு துளையை அடைக்கிறது, தலை உள்பக்கப் படலத்தோடு ஒட்டிக்கொள்கிறது. துளை வழியாகத் தண்ணீர் இறங்கி எஃகுக் கம்பி துருப்பிடிக்காமல் இருக்க இரண்டும் வேண்டும். காசு சில மடங்கு கூட ஆகும். நெடுந்தூரம் வேகமாக ஓட்டுகிற வண்டி என்றால் கொடுக்கலாம். அந்தச் சேட்டனிடம் எனக்குப் பெரிய மரியாதை ஏற்பட்டது வேறொரு விஷயத்தில். பக்கத்தில் வெட்டுப்பட்ட டயரோடு யார் வந்தாலும், எவ்வளவு கெஞ்சினாலும் தொடமாட்டார். "சாரே, சைடுல அடிச்சா இன்னிக்கு நிக்கும். நாளைக்கு நூறுல போறப்ப வெடிச்சா எனக்கு உறக்கம் வராது" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவார். அந்தக் காசு அவருக்குத் தேவைப்படுகிற காசு. இருந்தும் சொல்கிறார்.

அவர் கடையில்தான் இன்னொன்றும் பார்த்தேன். காற்று இல்லாமலேயே சில கிலோமீட்டர் உருட்டிக்கொண்டு வந்த ஒரு டயரைக் கழற்றி, உள்ளே கையை விட்டு ஒரு பிடி கறுப்புத் தூளை அள்ளிக் காட்டினார். டயரின் உட்சுவர் அரைபட்டுப் பொடியாகிக் கிடந்தது. வெளியே பார்த்தால் ஆணி ஏறிய சின்னத் துளைதான். ஐந்து நிமிடம் நின்று மாற்றியிருந்தால் ஒட்டுப் போட்டு இன்னும் இரண்டு வருடம் ஓட்டியிருக்கலாம். அதனால் ஸ்டீயரிங் ஒரு பக்கமாக இழுத்தாலோ, பின்பக்கம் தளும்பினாலோ, காற்றழுத்த விளக்கு எரிந்தாலோ, கடை பக்கத்தில்தானே என்று ஓட்டாதீர்கள். பாதுகாப்பான இடம் வந்ததும் நிறுத்திப் பாருங்கள். ஆணி தெரிந்தால் பிடுங்கவும் வேண்டாம். அது உள்ளே இருக்கிறவரை அதுவே அடைப்பு.

மாற்றுச் சக்கரம் என்ற யோசனை காரோடு கூடவே பிறந்தது இல்லை. 1895-ல் பாரீஸிலிருந்து போர்தோ போய்த் திரும்புகிற பந்தயத்தில் மிஷ்லின் சகோதரர்கள் காற்றடைத்த டயர் போட்ட காரை ஓட்டினார்கள். வழியெல்லாம் பஞ்சர். அப்போது சக்கரம் அச்சோடு நிலையாக இருக்கும். ரோட்டில் உட்கார்ந்து டயரை நெம்பி எடுத்து, டியூபை ஒட்டி, மறுபடி மாட்டிக் காற்றடிக்க வேண்டும். இதற்கு 1904-ல் வேல்ஸில் லனெல்லி என்ற ஊரில், ஸ்டெப்னி தெருவில் கடை வைத்திருந்த டேவிஸ் சகோதரர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஆரக்கால் இல்லாத வெறும் வளையம் ஒன்று, அதில் காற்றடைத்துத் தயாராக இருக்கிற டயர். பஞ்சரான சக்கரத்தைக் கழற்றாமலேயே அதன் பக்கத்தில் கவ்வி போட்டு இதை இறுக்கிவிட்டு ஓட்டிக்கொண்டு போகலாம். சக்கரத்தையே நட் போட்டுக் கழற்றி மாட்டுகிற வசதி பரவலான பிறகு அந்த வளையத்துக்கு வேலை இல்லாமல் போனது. நூறு வருடத்துக்கும் மேலாக ஓட்டுநர்கள் கேட்டு வாங்கிய வசதி இது. டயர் நல்லதாகிவிட்டது என்ற ஒரு காரணத்துக்காக இதை விட்டுக்கொடுக்க வேண்டும் என்றால், ரோடும் அதே அளவு நல்லதாகியிருக்க வேண்டும்.

சரி, உங்கள் வண்டியில் ஸ்டெப்னி இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அது எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள். மற்ற நான்கும் எந்த அளவோ அதே அளவில் இருந்தால் கவலை இல்லை, மாட்டிவிட்டு வழக்கம்போல ஓட்டலாம். இப்போது நிறைய வண்டிகளில் கீழே நான்கும் 16 அங்குல அலாய், ஸ்டெப்னி மட்டும் 15 அங்குல இரும்பு ரிம் என்று வருகிறது. இது கடைக்குப் போய்ச் சேர்வதற்கு மட்டும். இன்னும் ஒல்லியான வகையும் உண்டு. டயர் அளவின் முன்னால் ஆங்கில எழுத்து டி இருக்கும், தற்காலிகம் என்று அர்த்தம். 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகக் கூடாது என்று ரிம்மிலேயே மஞ்சளிலோ சிவப்பிலோ ஒட்டியிருப்பார்கள். இதற்குக் காற்று 60 வைக்க வேண்டும். சாதாரண டயருக்கு வைக்கிற முப்பதுச் சொச்சத்தில் இதை ஓட்டினால் நசுங்கிவிடும். முன் சக்கரங்களில் இழுவை இருக்கிற வண்டியில் முன் டயர் பஞ்சரானால், நிற்கிற இடம் பத்திரமாக இருந்தால், பின் சக்கரத்தை முன்னுக்கு மாற்றிவிட்டு ஒல்லிச் சக்கரத்தைப் பின்னால் போடுவது நல்லது. பிரேக்குக்கும் ஸ்டீயரிங்குக்கும் நல்ல டயர் முன்னால் வேண்டும். மழை நாளில் இந்தச் சிரமம் நிச்சயம் வீண் போகாது.

டிக்கியில் கிடக்கிறது என்பதாலேயே அது உயிரோடு இருக்கிறது என்று சொல்ல முடியாது. ஓடாத டயரிலும் மாதம் ஒன்றிரண்டு புள்ளி காற்று இறங்கிக்கொண்டேதான் இருக்கும். ஒரு வருடம் கவனிக்காவிட்டால், மாட்டிய பிறகு அதுவும் பஞ்சரான டயர் மாதிரியே உட்கார்ந்திருக்கும். பெட்ரோல் பங்கில் காற்றடிக்கிற பையன் நான்கோடு குழாயைச் சுருட்டிவிடுவான். "தம்பி, அஞ்சாவதும் பார்த்துடுப்பா" என்று சொல்லி டிக்கியை நாமே திறந்துவிட வேண்டும். பெட்டியெல்லாம் அடுக்குவதற்கு முன்னால் போனால் இது இரண்டு நிமிட வேலை. வழக்கமான காற்றை விட இரண்டு மூன்று புள்ளி கூட வைத்துவிட்டால் தேவைப்படும்போது குறைத்துக்கொள்ளலாம். எர்டிகா, இன்னோவா மாதிரி வண்டிகளில் ஸ்டெப்னி அடியில் தொங்கும். அதை இறக்குகிற திருகு மண்ணும் தண்ணீரும் பட்டுத் துருவேறி இறுகிவிடும். சர்வீஸுக்கு விடும்போது ஒருமுறை இறக்கி, கிரீஸ் வைத்து, காற்றும் பார்த்து ஏற்றச் சொல்லுங்கள். சொன்னால் செய்வார்கள், சொல்லாவிட்டால் யாரும் அதைத் தொடுவதில்லை.

வயதும் பார்க்க வேண்டும். டயரின் பக்கத்தில் நீள்வட்டத்துக்குள் நான்கு எண்கள் இருக்கும். 2319 என்று இருந்தால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரம் செய்த டயர். தரையில் படுகிற பட்டன் கட்டைகள் தேயவே இல்லை, பளபளவென்று இருக்கிறது என்று நம்பி விடாதீர்கள். ரப்பர் ஓடாவிட்டாலும் கெட்டிப்படும், வெடிப்பு விடும். ஐந்தாறு வருடம் தாண்டினால் வருடத்துக்கு ஒருமுறை தெரிந்தவரிடம் காட்டுங்கள். பத்து வருடம் ஆகிவிட்டால் எப்படி இருந்தாலும் மாற்றிவிடுங்கள். ஐந்தும் ஒரே அளவு என்றால் டயர்களை இடம் மாற்றும்போது ஸ்டெப்னியையும் சுற்றில் சேர்த்துக்கொள்ளலாம். ஐந்தும் சேர்ந்தே தேயும், டிக்கியில் ஒன்று வீணாகக் கிழடு தட்டாது.

இனி மாற்றுவது. என் அக்கா மகள் போன வருடம் லைசென்ஸ் எடுத்தாள். மதுரையில் வேலை, வாரக் கடைசியில் தனியாக ஓட்டிக்கொண்டு ஊருக்கு வருகிறாள். சாவியைக் கொடுப்பதற்கு முன்னால் ஒருமுறை தன் கையால் சக்கரம் மாற்றிக் காட்ட வேண்டும் என்று சொன்னேன். உற்சாகமாகத்தான் வந்தாள். முதல் நட்டிலேயே நின்றுவிட்டாள். "மாமா, அசையவே மாட்டேங்குது" என்றாள். அசையாது. சர்வீஸ் சென்டரில் காற்றுத் துப்பாக்கி வைத்து இறுக்குகிறார்கள், வண்டியோடு வருகிற ஸ்பேனரோ ஒரு சாண் நீளம். பலம் போதாது என்று அவள் நினைத்தாள். நீளம்தான் போதவில்லை. ஸ்பேனரின் கைப்பிடியில் ஒரு இரண்டடி ஜி.ஐ. பைப்பைச் செருகிக் கொடுத்தேன். கைப்பிடி இடது பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும்படி மாட்டி, கீழே அழுத்தச் சொன்னேன். கிறீச் என்று ஒரு சத்தம், நட் விட்டுக்கொடுத்தது. அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். அந்தப் பைப் இப்போது அவள் டிக்கியிலேயே கிடக்கிறது.

பலர் தடுமாறுகிற இடம் இன்னொன்று: நட்டைத் தளர்த்துவது சக்கரம் தரையில் இருக்கும்போதே. தூக்கிய பிறகு முயன்றால் சக்கரம் கூடவே சுற்றும், வண்டி ஜாக்கியிலிருந்து நழுவும். ஹேண்ட் பிரேக் போட்டு, கியரில் விட்டு, எதிர்மூலைச் சக்கரத்துக்குக் கல் கொடுத்து, ஆட்களை இறக்கித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அனுப்பிவிட்டு, ஒவ்வொரு நட்டையும் அரைச் சுற்று மட்டும் தளர்த்துங்கள். அப்புறம் ஜாக்கி. கதவுக்குக் கீழே தகட்டின் விளிம்பில் இரண்டு வெட்டுகள் இருக்கும், அவற்றுக்கு நடுவில்தான் ஜாக்கியின் தலை உட்கார வேண்டும். வேறெங்கு கொடுத்தாலும் தகடு நசுங்கும். சாலையோர மண் இளக்கமாக இருந்தால் ஜாக்கி இறங்கிவிடும், அதற்கு ஒரு அடி சதுரத்தில் கெட்டி பிளைவுட் துண்டு போதும். ஸ்டெப்னியை வண்டியின் அடியில் ஜாக்கிக்குப் பக்கத்தில் படுக்க வைத்துவிடுங்கள். ஜாக்கி நழுவினாலும் வண்டி அதன் மேல்தான் உட்காரும், உங்கள் கை மேல் உட்காராது. சக்கரத்தைக் கழற்றியதும் அதை அங்கே வைத்துவிட்டு ஸ்டெப்னியை வெளியே எடுங்கள்.

அலாய் ரிம் சில நேரம் அச்சோடு துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும். நட்டெல்லாம் கழற்றியும் சக்கரம் வராது. ஜாக்கியில் நிற்கிற வண்டியை உதைக்காதீர்கள். நட்டுகளை மறுபடி கையால் மாட்டி, ஒரு சுற்று தளர்வாக விட்டு, வண்டியை இறக்குங்கள். வண்டியின் எடையிலேயே பிடி விட்டுப்போகும். சில அலாய்களில் திருட்டுக்குப் பயந்து ஒரு நட் மட்டும் வேறு மாதிரி வைத்திருப்பார்கள், அதற்குத் தனிச் சாவி உண்டு. அது எங்கே இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். பழைய வண்டி வாங்குகிறவர்கள் அதைக் கேட்டு வாங்க வேண்டும். மாட்டும்போது கையால் எல்லா நட்டையும் ஏற்றிவிட்டு, ஒன்றுக்கு எதிரே ஒன்றாக இறுக்கி, வண்டி தரையில் உட்கார்ந்த பிறகு கடைசி இறுக்கு. ஐம்பது நூறு கிலோமீட்டர் போனதும் மறுபடி ஒருமுறை ஸ்பேனர் போட்டுப் பாருங்கள்.

இரவில், வளைவில், லாரி போகிற பக்கத்தில் டயர் போனால் இதெல்லாம் வேண்டாம். ரிம் போனாலும் பரவாயில்லை, இடம் விட்டு இடம் நகர்த்துங்கள். சத்தியமங்கலம் தாண்டித் திம்பம் ஏறுகிற 27 கொண்டை ஊசி வளைவுகளில், பண்ணாரிக்கு மேலே, யானை நடமாடுகிற காட்டுக்குள் கீழே இறங்கி நட் திருக முடியாது. ராத்திரிப் போக்குவரத்துக்குத் தடை இருக்கிற சாலை அது, உதவி லாரியும் நினைத்த நேரத்தில் ஏறி வராது. அப்படிப்பட்ட சாலையில் ஏறுவதற்கு முன்னால் அடிவாரத்திலேயே ஐந்து டயரையும் பார்த்துவிடுவது என் வழக்கம். வால்பாறைக்கு என்றால் ஆழியாறில் பார்ப்பேன்.

ஏற்கெனவே ஸ்டெப்னி இல்லாத வண்டியை வாங்கிவிட்டவர்கள் மனம் தளர வேண்டாம். அதே நட் எண்ணிக்கையும் அதே இடைவெளியும் நடுத்துளையும் பொருந்துகிற இரும்பு ரிம் ஒன்றும், வெளிச்சுற்றளவு ஒத்துப்போகிற டயர் ஒன்றும், ஜாக்கியும் ஸ்பேனரும் வாங்கி வைத்துக்கொள்ளலாம். உள்ளூர் ஓட்டத்துக்கு வீட்டில் கிடக்கட்டும், நெடுந்தூரம் போகும்போது டிக்கியில் போட்டு வாரால் இறுகக் கட்டிவிடுங்கள். கட்டாத சக்கரம் பிரேக் அடித்தால் பின் இருக்கையை முட்டும். அலாய்க்கும் இரும்பு ரிம்முக்கும் ஒரே நட் பொருந்துமா என்று வாங்குகிற இடத்திலேயே மாட்டிப் பார்த்துவிடுவது முக்கியம். கிட்டில் இருக்கிற மோட்டாரை நன்றாகப் பயன்படுத்துங்கள், பாட்டிலைக் கடைசியாக எடுங்கள். ஆணி ஏறி மெதுவாகக் காற்று இறங்குகிற டயருக்கு மோட்டாரே போதும். திரவம் ஊற்றிவிட்டால் டயருக்குள் கொழகொழவென்று ஒட்டிக்கொண்டு, ஒட்டுப் போடுவதற்கு முன்னால் முழுக்கக் கழுவ வேண்டிவரும். ஊற்றியிருந்தால் பஞ்சர் கடையில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பாட்டிலுக்குக் காலாவதி தேதியும் உண்டு, பெரும்பாலும் நாலைந்து வருடம். மூடியில் அச்சிட்டிருப்பார்கள்.

அந்தத் திருமாந்துறைத் தம்பி பிறகு எனக்குப் போன் செய்தார். நள்ளிரவு தாண்டித்தான் வண்டி திருச்சி வந்திருக்கிறது. முகூர்த்தத்துக்கு ஆட்டோவில் போயிருக்கிறார். மறுநாள் டயர் வாங்கி மாட்டியதோடு, தனியாக ஒரு ரிம்முக்கும் சொல்லிவைத்திருக்கிறார். டிக்கியில் இருந்த தெர்மகோல் தட்டை எடுத்துவிட்டுப் பார்த்தால், அங்கே சக்கரம் உட்காருகிற அளவுக்குக் குழியே இல்லையாம். மூன்று விரற்கடை மேலே துருத்திக்கொண்டு நிற்கிறதாம், மேல்பலகை மூடவில்லை. பெட்டிகளைப் பின் இருக்கையில் வைத்துக்கொண்டு ஓட்டுகிறார்.

விதியைத் திருத்துகிறவர்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஸ்டெப்னி இல்லாத வண்டி என்றால் விளம்பரத் தாளில் மைலேஜ் போடுகிற அதே பெரிய எழுத்தில் அதையும் போட வேண்டும். காசு கொடுத்துக் கூடுதலாக வாங்கிக்கொள்கிறேன் என்று கேட்பவருக்கு ரிம், டயர், ஜாக்கி எல்லாம் ஷோரூமிலேயே கிடைக்க வேண்டும். வண்டியை வரையும்போதே டிக்கியின் அடியில் ஒரு சக்கரம் உட்காருகிற குழியை விட்டுவையுங்கள். சக்கரத்தை நாங்களே வாங்கிப் போட்டுக்கொள்கிறோம்.